வழுக்கி வுழுந்துட்டேன்னு எழுதிக்கோங்க

வசந்தகுமாரியை நான் முதன்முதலாகப் பார்த்தது 2022 ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை காலை. ஆவடி செக்போஸ்ட் பக்கம், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே வந்தவர் அவருடைய கணவர் சிவராமன். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தார்.

"டாக்டர் தம்பி, லேசர் வச்சு பல்ல வெள்ளையாக்கறாங்களாமே, அது இங்கதான?"

அவர் தோளுக்குப் பின்னால், புடவைத் தலைப்பை வாய்மேல் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தேழு வயது என்று பிறகு தெரிந்தது.

"வாயக் காட்டு," என்றார் சிவராமன்.

அவர் காட்டினார். மேல் வரிசையில் இடது முன்பல். மற்றவை எல்லாம் நல்ல பற்கள், நூல் பிடித்த மாதிரி வரிசை. அது ஒன்று மட்டும் சிலேட்டு நிறத்தில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில் வேர் சிகிச்சை செய்திருந்தார்கள். அப்படிச் சிகிச்சை செய்த பல்லில் உயிர் இருக்காது. அடிபட்டபோது உள்ளே கசிந்து தங்கிய இரத்தத்தின் கறை, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே தெரியத் தொடங்கும். கறை உள்ளே இருப்பதால் எந்தப் பற்பசையாலும் அது போகாது.

"அடுத்த மாசம் என் தம்பி கல்யாணம்," என்றார் சிவராமன். "எந்த போட்டோவ எடுத்தாலும் இது மட்டும் கருப்பா முன்னால வந்து நிக்குது. பாக்கறவன்லாம் என்னாச்சு என்னாச்சுன்னு என்னையே கேக்கறான்."

என்னைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். செங்கம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். பி.டி.எஸ். என்ற மூன்று எழுத்தை என் பெயருக்குப் பின்னால் எழுதும்போது இன்றைக்கும் பேனாவைக் கொஞ்சம் அழுத்துகிறேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கும் கட்டுரைக்கும் பரிசு வாங்கியவன். எங்கள் மருத்துவமனையில் ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தது. மற்ற டாக்டர்கள் இரண்டு வார்த்தை கிறுக்கிவிட்டுப் போகிற அந்தப் படிவத்தை நிரப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். முழு வாக்கியமாக, ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதுவேன். நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

படிவத்தில் ஒரு வரி உண்டு: பல் நிறம் மாறியதற்குக் காரணம். அதைக் கேட்டே ஆக வேண்டும். அடிபட்ட பல்லின் உள்ளே வெளுக்கும் மருந்து வைத்தால், சில பேருக்குப் பின்னாளில் வேர் அரித்துப்போகும்.

"எப்படி ஆச்சு அக்கா?" என்று கேட்டேன்.

அவர் கணவரைப் பார்த்தார். சிவராமன் என் மேசைமேல் இருந்த பிளாஸ்டர் தாடை பொம்மையை எடுத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சொல்லு. டாக்டர் கேக்கறார்ல?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு எழுதிக்கோங்க சார்," என்றார் வசந்தகுமாரி.

"எப்போ?"

"நாலு வருசம் ஆவப் போவுது. தீபாவளி கழிச்சு."

நான் எழுதினேன்: 'நான்கு ஆண்டுகளுக்கு முன், குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மேல் முன்பல்லில் அடிபட்டது.' அவர் படிவத்தை வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "எழுத்து அச்சு மாதிரி கீது சார்," என்று சொல்லிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"எங்க வீட்டம்மாவுக்கு கையெழுத்து போடறது மட்டும் சூப்பரா வரும் தம்பி. மத்த எல்லாத்துக்கும் நான் கூட வரணும்," என்று சிவராமன் சிரித்தார். படிவத்தின் நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சிகிச்சைக்கு முன் ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வாயில் மாட்டி, பக்கத்தில் ஷேட் கைடை வைத்தேன். வரிசையாகப் பல் துண்டுகள் செருகிய, பல்லின் நிறத்தை அளக்கும் சின்னப் பட்டை அது. அவருடைய பல் அதில் கடைசித் துண்டைவிடக் கறுப்பு. மேல் உதட்டின் உள்பக்கம், அந்தப் பல்லுக்கு நேரே, அரிசி நீளத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வெளிச்சம் போதுமா என்றுதான் யோசித்தேன்.

அவர்கள் போன பிறகு, எங்கள் உதவியாளர் ஞானம்மாள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். பட்டாபிராம்காரர், இருபது வருடமாகப் பல் மருத்துவமனைகளில் வேலை செய்பவர்.

"கீழ வுழுந்தா தாவாக்கட்டை இல்ல டாக்டரே அடிபடும்? அந்தப் பொண்ணுக்கு தாவாக்கட்டையில ஒரு கோடு இல்ல."

"எப்படி வேணா படலாம்மா."

"ஆமாமா. எப்படி வேணா படும்," என்று சொல்லிவிட்டுக் குழாயை வேகமாகத் திறந்துவிட்டார்.

முதல் அமர்வு அடுத்த வாரம். எக்ஸ்ரேயில் வேர் அடைப்பு சரியாக இருந்தது. பல்லின் பின்பக்கம் துளையிட்டு, ஈறுக்குச் சற்றுக் கீழே வரை உள்ளே இருந்ததை எடுத்து, அந்த இடத்தில் மருந்து வேருக்குள் இறங்காமல் இருக்கச் சிமெண்டால் ஒரு தளம் போட்டேன். பல்லைச் சுற்றி ரப்பர் தாள் மாட்டினேன். வெளுக்கும் ஜெல்லைப் பல்லின் உள்ளேயும் வெளியேயும் வைத்து, அதன்மேல் லேசர் ஒளியைக் காட்ட வேண்டும். ஒளி பட்டதும் ஜெல் நுரைக்கும், வேலை விரைவாகும். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம்.

"இன்னா டாக்டரே, வெல்டிங்கா பண்ணப் போற?" என்றார் ஞானம்மாள்.

ரப்பர் தாளுக்குப் பின்னால் வசந்தகுமாரி குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு வந்ததும் அவர் கை தானாக வாயை மூட எழுந்தது. ஞானம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். லேசர் நிற்கும்வரை விடவே இல்லை.

இரண்டாவது அமர்வுக்கு அவர் தனியாக வந்தார். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து நேரே வந்திருந்தார். அங்கே ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடமாகச் செக்கிங் வேலை. ஒரு மணிக்கு எண்பது சட்டை பார்ப்பாராம். காலர், பட்டன், பாக்கெட் தையல். ரப்பர் தாள் மாட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் பேசிக்கொண்டே இருந்தார். கணவர் கூட வந்த நாளில் அவர் வாயிலிருந்து வந்தது இரண்டு மூன்று வாக்கியம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவருடைய அப்பா ஆவடியில் தொழிற்சாலை ஊழியர். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். பத்தாம் வகுப்பு வரை படிப்பு. அப்பா ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய வருடத்தில் அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்திருக்கிறது. "ஊடு போவுதுன்னு என்னையும் சேத்து காலி பண்ணிட்டாங்க," என்றார். ஒரே மகள் ரேஷ்மாவுக்கு ஒன்பது வயது. அவள் அம்மாவை வரைந்தால் ஒரு பல்லுக்கு மட்டும் கறுப்புப் பென்சில் எடுப்பாளாம்.

"முன்னல்லாம் நூல பல்லாலயே கடிச்சி அறுப்பேன் சார், கத்திரி தேட சோம்பல் பட்டுகினு. இந்தப் பல்லுதான். அதனால கருத்துப்போச்சுன்னு லைன்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிகீறேன்."

"சட்டையில தப்பு இருந்தா என்ன பண்ணுவீங்க அக்கா?"

"சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும். தப்பு எங்க கீதோ அங்க ஒட்டி, இன்னா கீதோ அத மட்டும் சீட்டுல எழுதுவோம். தையல் விட்டிருக்கு, எண்ணெய் கறை, அவ்ளோதான். டைலர் தூங்கிட்டான், மிஷின் சரியில்ல, அதெல்லாம் நாங்க எழுதக்கூடாது. நாங்க பாக்கலயே."

அதை நான் கவனிக்கவில்லை. பேச்சோடு பேச்சாகப் போய்விட்டது.

கிளம்பும்போது, "பழைய பல்லு போட்டோ எடுத்தீங்களே, அது இருக்கா சார்?" என்றார்.

"இருக்கு. உங்க போனுக்கு அனுப்பட்டுமா? பின்னாடி ஒத்துப் பாக்கலாம்."

"ஐயோ, வேணாம். போன அவரு பாப்பாரு. இங்கியே வச்சிருங்க. அழிச்சிடாதீங்க."

எல்லோரும் ஒத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள், இவரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கதவருகே போனவர் திரும்பி வந்தார்.

"வெள்ளையாயிடுச்சுன்னா அப்படியே இருந்துடுமா சார்?"

"சொல்ல முடியாது அக்கா. ரெண்டு மூணு வருஷத்துல சில பேருக்கு நிறம் கொஞ்சம் திரும்பும்."

"திரும்புமா?" அவர் முகம் ஒரு நொடி தெளிந்தது. "சரி, போதும் சார்."

இப்படி ஒரு பதிலைக் கேட்டு நிம்மதியடைந்த நோயாளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

மூன்றாவது அமர்வில் பல் மற்ற பற்களோடு சேர்ந்துவிட்டது. எது அந்தப் பல் என்று எனக்கே ஒரு கணம் தேட வேண்டியிருந்தது. சிவராமன் ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தார். கைப்பேசி வெளிச்சத்தை மனைவியின் வாயில் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கிட்டீங்க தம்பி!" என்று என் தோளைத் தட்டினார். அன்றைக்கே இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு என் பெயரைக் குறிப்பிட்டு எழுதினார். அந்த வருடம் இளம் பல் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் அந்த முன்-பின் படங்களைத் திரையில் காட்டிப் பேசினேன். காரணம்: குளியலறையில் விழுந்தது. கை தட்டினார்கள். ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன்.

பதினேழு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், வசந்தகுமாரி மறுபடி வந்தார். இந்த முறை சிவராமன் இல்லை. பெரிய ஞெகிழிப் பையோடு அவருடைய அக்கா கன்னியம்மா கூட வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வசந்தகுமாரி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மேசைமேல் விரித்தார். என் கையெழுத்து. நான்காக மடித்த கோடுகளும் அப்படியே நகலில் விழுந்திருந்தன.

"இத நீங்கதான சார் எழுதுனது?"

"ஆமா அக்கா."

"நான் இன்னா சொன்னேன் அன்னிக்கு?"

"வழுக்கி விழுந்துட்டேன்னு..."

"முழுசா சொல்லுங்க."

"வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக்கோங்க சார்னு சொன்னீங்க."

"வுழுந்துட்டேன் சார்னு சொன்னேனா, வுழுந்துட்டேன்னு எழுதிக்கோங்க சார்னு சொன்னேனா?"

நான் எழுதிய அந்த வரியை மறுபடி படித்தேன்.

"அந்தாளு பக்கத்துல நின்னுகினு பல்லு பொம்மைய தொறந்து தொறந்து மூடறாரு. அந்த நேரத்துல வேற எப்படி சார் நான் சொல்லுவேன்? படிச்சவரு, புரிஞ்சிப்பீங்கன்னு நெனச்சேன்."

எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவன். அறுவடைக் காலத்தில் என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் வயலுக்குக் கூட்டிப் போய்விட்டு, மறுநாள் வாத்தியாரிடம் அம்மா, "காய்ச்சல்னு எழுதிக்கோங்க ஐயா" என்பார். உண்மையில் காய்ச்சல் வந்த நாளில் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. "புள்ளைக்குக் காய்ச்சல்" என்றுதான் சொல்வார். வாத்தியாருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் எழுத உட்கார்ந்ததும், பேச்சில் ஒட்டிக்கொண்டு வந்த தூசி மாதிரி அந்த 'ன்னு எழுதிக்கோங்க'வைத் தட்டிவிட்டு, மீதியைத் திருத்தமான தமிழாக்கிவிட்டேன். அவர் சொன்ன உண்மை முழுவதும் நான் தட்டிவிட்ட அந்தத் துண்டில்தான் இருந்தது.

நடந்ததைக் கன்னியம்மா சொன்னார். பொங்கலுக்கு மறுவாரம் வசந்தகுமாரி ரேஷ்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறி, சென்னீர்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். கணவர் தங்களை நெருங்கக் கூடாது, மகள் தன்னிடமே இருக்க வேண்டும் என்று பூந்தமல்லி நீதிமன்றத்தில் மனு. சிவராமன் பதில் மனு போட்டிருந்தார். மனைவி கற்பனையாகப் பேசுகிறவர், இல்லாத அடியை இருப்பதாகச் சொல்கிறவர், அப்படிப்பட்டவரிடம் பெண் குழந்தையை விடக் கூடாது என்று. அதற்கு ஆதாரமாக முதல் தாள், நான் எழுதிய படிவம். டாக்டரே எழுதியிருக்கிறார், மனைவியே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"மத்த அடியெல்லாம் ஆறிப்போச்சு சார்," என்றார் வசந்தகுமாரி. "காட்டறதுக்கு இருந்தது இந்தப் பல்லு ஒண்ணுதான். அதையும் வெள்ளையாக்கிட்டாரு. ஆக்கிட்டீங்க."

ஜூலையில் சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்தது. மருத்துவமனையின் உரிமையாளர் டாக்டர் ஸ்ரீநாத் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பேப்பர்ல என்ன இருக்கோ அத வாசிச்சிட்டு வந்துடுப்பா. நாம எழுதினதே தப்புன்னு நீயே கோர்ட்ல சொன்னா, நாளைக்கு எந்தப் பேஷண்ட்டும் எந்தக் காகிதத்தையும் தூக்கிட்டு வருவான். உன் ரிஜிஸ்ட்ரேஷனுக்கே பிரச்சினை ஆகும். கஷ்டப்பட்டுப் படிச்ச பையன் நீ."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பெயருக்குப் பின்னால் இருக்கிற மூன்று எழுத்து போய்விட்டால் ஊரில் எந்த முகத்தோடு இறங்குவது என்ற யோசனை. ஒருநாள் ஞானம்மாள் என் முன்னால் டீயை வைத்துவிட்டு, "ரப்பரு மாட்டிகினு கெடந்தப்ப அது என் கைய புடிச்ச புடி இருக்கே, எலும்பு வலிச்சுச்சு டாக்டரே," என்று மட்டும் சொன்னார்.

நீதிமன்றத்தில் சிவராமன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நல்லாருக்கீங்களா தம்பி? எளச்சிட்டீங்களே," என்று அதே அன்போடு கேட்டார். ரேஷ்மா பெரியம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

சிவராமனின் வக்கீல் படிவத்தைக் காட்டினார். "இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"மனுதாரர் சொன்னதைத்தானே எழுதினீர்கள்?"

"அவங்க சொன்னதுல பாதிய எழுதினேன் சார்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்: அவர் 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லவில்லை, 'வழுக்கி வுழுந்துட்டேன்னு எழுதிக்கோங்க' என்று சொன்னார், கணவர் பக்கத்தில் நின்றிருந்தார், அவரை வெளியே இருக்கச் சொல்லாதது என் தவறு.

"ஒரு 'ன்னு' விட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கா டாக்டர் இவ்ளோ தூரம் வந்தீங்க?" வக்கீல் சிரித்தார். பின்வரிசையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

பெண் நீதிபதி. அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை எழுத்துத் தமிழாக்கித் தட்டச்சருக்குச் சொல்லத் தொடங்கினார்: "குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதும்படி மனுதாரர் என்னைக் கேட்டுக்கொண்டார்..."

வசந்தகுமாரியின் வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார். சிவராமனின் வக்கீல் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். டாக்டரிடமே பொய் எழுதச் சொல்லிக் கேட்கிற பெண் என்று அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் வந்தது. நான் செய்ததையே இன்னொரு தடவை என் கண் முன்னால், என் வாயாலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

"அம்மா, கேட்டுக்கொண்டார் இல்லீங்க," என்றேன். "அவங்க கேட்டுக்கல. அப்படித்தான் அவங்களால சொல்ல முடிஞ்சது. அவங்க சொன்னபடியே போடுங்கம்மா."

"பேச்சுவழக்கிலா?"

"ஆமாங்கம்மா."

நீதிபதி படிவத்தை எடுத்து அந்த வரியைப் பார்த்தார். பிறகு தட்டச்சரிடம், "மேற்கோள் குறிக்குள்ளே போடுங்க," என்றார். சட்டை மடிப்புக் கலையாத அந்தத் தட்டச்சர், வு-ழு-ந்-து-ட்-டே-ன்-னு என்று எழுத்து எழுத்தாகத் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பழைய புகைப்படத்தையும் கொடுத்தேன். கறுத்த பல்லும் உதட்டுக்குள் தழும்பும் அதில் தெளிவாக இருந்தன. "இது கையால் அடித்ததால் ஏற்பட்டதா?" என்று வசந்தகுமாரியின் வக்கீல் கேட்டார். அறை முழுக்க என் வாயைப் பார்த்தது. முன்னாலிருந்து பலமாக ஏதோ பட்டிருக்கிறது என்று சொன்னேன். கையா தரையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். என் படிப்பு எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் வசந்தகுமாரி பேருந்து நிழற்குடை அருகே எனக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கையின்னு சொல்லியிருக்கலாம்ல சார்?"

"எனக்குத் தெரியாதத எப்படி அக்கா சொல்றது?"

"தெரியாதுல்ல?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அப்ப அன்னிக்கு மட்டும் எப்படி பாத்ரூமுன்னு எழுதுனீங்க?"

நூற்று ஐம்பத்து மூன்றாம் எண் பேருந்து வந்தது. கன்னியம்மா ரேஷ்மாவை முதலில் ஏற்றிவிட்டு, தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பேருந்து ஐந்து நிமிடம் அங்கேயே நின்றிருந்தது.

செப்டம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. நீதிபதி ரேஷ்மாவைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார். வழக்கு முடியும்வரை மகள் அம்மாவிடம் இருக்கலாம். அப்பா மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பார்க்கலாம். வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ அவர் வரக் கூடாது. பல்லைப் பற்றி ஒரே ஒரு வரி: மருத்துவரின் ஆவணமும் சாட்சியமும் ஒன்றுக்கொன்று முரண்படுவதால், காயத்தின் காரணம் குறித்து இந்தக் கட்டத்தில் முடிவுக்கு வர இயலவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சிவராமன் மேல்முறையீடு செய்திருக்கிறார். அதிலும் முதல் தாள் என்னுடைய படிவம்தான்.

என் வேலைக்கும் மூன்று எழுத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது கூட வருகிறவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் அந்த வரியைக் கேட்கிறேன். என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுதுகிறேன். 'மாடு முட்டிச்சுங்க', 'சின்ன வயசுல யாரோ தள்ளிவுட்டான்', 'தெரில'. பள்ளிக்கூடப் பையன் எழுதின மாதிரி இருக்கிறது என்று டாக்டர் ஸ்ரீநாத் கேலி செய்கிறார்.

சென்ற ஜூன் மாதம் வசந்தகுமாரியை எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருந்தேன். வருவார் என்று நம்பவில்லை, வந்தார். வேர் அரிக்கவில்லை. ஆனால் பல்லின் ஈறோரம் சாம்பல் நிறம் லேசாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. ஷேட் கைடை வைத்துக் காட்டினேன். ஒரே அமர்வில் சரி செய்துவிடலாம், கட்டணம் எதுவும் வேண்டாம் என்றேன்.

"வேணாம் சார். கீறது அப்படியே இருக்கட்டும்," என்றார். பிறகு, "இன்னிக்கு தேதி போட்டு ஒரு போட்டோ எடுத்து வைங்க," என்று சொல்லிவிட்டு, நான் கேட்கும் முன்பே உதட்டை விரலால் தூக்கிப் பிடித்தார்.

வசந்தகுமாரிக்கு இப்போது நாற்பது வயது. சென்னீர்குப்பத்தில் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில், பன்னிரண்டு வயது ரேஷ்மாவோடு இருக்கிறார். அம்பத்தூரில் அதே கம்பெனி, அதே செக்கிங் மேசை. மேல்முறையீடு இதுவரை நான்கு முறை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த விசாரணைக்கு என்னை மறுபடி அழைப்பார்கள் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருக்கிறார்.